பரிபூரண ஒருமனச் சங்கத் தலபுராணம்

தலபுராணம் பாடுகிறவர் முதலில் தலத்தின் எல்லை சொல்ல வேண்டும் என்பது மரபு. இத்தலத்துக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே மயிலாப்பூர். ராதாகிருஷ்ணன் சாலை வந்து கடற்கரைச் சாலையில் முட்டும் முனையில், தூண் வரிசையோடு வெள்ளை வெளேரென்று நிற்கும் கட்டடமே மூலஸ்தானம். இப்போது அங்கே எழுந்தருளியிருப்பவர் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர். 1839இல் அதைக் கட்டியவர்கள் ஃப்ரீமேசன்கள். ஊருக்குத் தெரியாமல் கூடுவதற்காக ஒரு கூட்டத்தார் கட்டிய வீடு, ஊரில் யார் எங்கே கூடினாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இலாகாவின் தலைமையகமாக எப்படி ஆயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். புராணம் என்றதனால் இறுதியில் பலசுருதி எதிர்பார்ப்போர் உளர். அது இல்லை. இதைப் படித்தவர்க்குப் பதவி உயர்வு கிட்டும் என்று உத்தரவாதம் தர இயலாது.

கட்டியவர்களின் சங்கத்துக்கு 'லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' என்று பெயர். தமிழில் பரிபூரண ஒருமனச் சங்கம் என்று கொள்க. இங்கிலாந்தின் பதிவேட்டில் அதன் எண் 150. இந்த லாட்ஜில் அறை வாடகைக்குக் கிடைக்காது. நல்ல குடும்பத்து ஆண்கள் குறித்த நாளில் கூடி, கதவைச் சாத்தி, இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சாலமன் மன்னரின் ஆலயத்தைக் கட்டிய கொத்தனார்களின் கதையை நடித்துப் பார்த்துவிட்டு, விருந்துண்டு வீடு திரும்பும் இடம் அது. கவராயம், மூலைமட்டம், தூக்குக் குண்டு, கரணை முதலிய கொத்து வேலைச் சாமான்கள் அனைத்தும் அங்கே உண்டு. அவற்றைக் கொண்டு எவரும் எதையும் கட்டுவதில்லை. ஒழுக்கத்தைச் சரிபார்க்கவே அவை பயன்படுகின்றன. கடற்கரைக் கட்டடத்துக்குச் சாந்து குழைத்து, சுவர் எழுப்பிய கொத்தனார்களோ சங்கத்தில் உறுப்பினராகவில்லை. அவர்கள் கையிலிருந்த மூலைமட்டம் வெறும் மூலைமட்டமாக இருந்ததே காரணம் எனலாம்.

மேசன் சங்கத்தின் தோற்றம் குறித்து இரு கொள்கைகள் உண்டு. 1717 ஜூன் 24ஆம் நாள், லண்டன் புனித பவுல் தேவாலயத்துக்கு அருகில் 'வாத்தும் இரும்புக் கிராதியும்' என்று பெயர் கொண்ட மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுசேர்ந்து தலைமைச் சங்கத்தை நிறுவின என்பது ஒரு கொள்கை. இது மதுக்கடையில் தொடங்குவதால் பெருமைக் குறைவு என்று கருதினார்களோ என்னவோ, 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் எழுதிய சட்டநூல் வரலாற்றை ஆதாமிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆதாமின் இதயத்தில் வடிவகணிதம் எழுதப்பட்டிருந்ததாம். நம் தலபுராண ஆசிரியர்கள் எவரும் கேட்டு ஒப்புக்கொள்ளத்தக்க தொன்மை இது. குளத்தையும் தல விருட்சத்தையும் மட்டும் ஆண்டர்சன் விட்டுவிட்டார்.

இனி இரகசியம். புதியவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, இடது மார்பைத் திறந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி உள்ளே அழைத்து வருவார்கள். பயிலுநர், தோழர், ஆசான் என்று படி மூன்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல், ஒரு சைகை, ஒரு கைகுலுக்கல். இவற்றை வெளியிட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சாமுவேல் பிரிச்சர்ட் என்ற முன்னாள் மேசன் 1730இல் இவை அனைத்தையும் அச்சடித்து விற்றார். நன்றாக விற்றதால் அந்த மாதத்துக்குள்ளேயே மறுபதிப்பும் வந்தது. சென்னையில் முதல் லாட்ஜ் தோன்றிய ஆண்டு 1752. அதாவது, இரகசியம் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தபோது அது வெளியாகி 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னை மேசன்கள் அதை அப்படியே ஏற்றுக் கட்டிக்காத்தார்கள். தெரியாத ஒன்றை மறைப்பது எவர்க்கும் எளிது. தெரிந்த ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக மறைத்து வருவதற்குப் பயிற்சி வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழும். மார்பைத் திறந்துகொண்டு சந்நிதிக்குள் போவதும், முழங்கால் தெரிய உடையை மடித்துக் கட்டுவதும் இந்த ஊரில் தினப்படி வழக்கமாயிற்றே, அதை எப்படி இரகசியச் சடங்கு எனலாம்? அற்றன்று. மேசன் திறப்பது இடது மார்பு மட்டும். சுருட்டுவதும் ஒரு காலைத்தான்.

ஒருமனம் என்ற பெயர்க்காரணத்துக்கு வருவோம். 1717இல் பிறந்த தலைமைச் சங்கத்துக்குப் போட்டியாக 1751இல் லண்டனிலேயே இன்னொரு தலைமைச் சங்கம் கிளம்பியது. புதிதாக வந்தவர்கள் தங்களுக்குப் 'பழையோர்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, தங்களைவிட 34 ஆண்டு மூத்தவர்களைப் 'புதியோர்' என்று அழைத்தார்கள். மிட்டாய்க்கடைத் தெருவில் நேற்று திறந்த கடை 'ஒரிஜினல்' என்று பலகை மாட்டுவதைப் பார்த்த நமக்கு இது விளங்கும். பெரும் வியப்பு என்னவென்றால், மூத்தவர்கள் அந்தப் பெயரிலேயே வரலாற்றில் நிலைத்துவிட்டார்கள். சென்னையிலும் இரண்டு கட்சி இருந்தது. ஒருவர் சொல்லும் சங்கேதச் சொல்லை மற்றவர் ஏற்க மாட்டார். 1786இல் பிரிகேடியர் ஜெனரல் மேத்யூ ஹார்ன், சோழமண்டலக் கரைக்கு மாகாணத் தலைவராக நியமனம் பெற்று வந்து, இரு தரப்பையும் இணைத்தார். அந்த இணைப்பின் நினைவாகவே பரிபூரண ஒருமனம். இங்கிலாந்தில் இதே இணைப்பு நடந்தது 1813இல். ஆக, ஆங்கிலேயர் தம் நாட்டில் ஒன்றுபட 27 ஆண்டு முன்னரே சென்னையில் ஒன்றுபட்டுவிட்டார்கள். இந்தியரை ஆள்வதற்கு ஒற்றுமை வேண்டியிருந்தது என்று காரணம் கூறுவோர் உண்டு. வெயில் காரணம் என்பது என் கருத்து. பங்குனி மாதத்தில் கம்பளிக் கோட்டோடு இரண்டு தனித்தனிக் கூட்டம் நடத்துவது உடலுக்கு ஆகாது.

ஒருமனத்தின் உச்சம் ஆற்காட்டு நவாப் குடும்பத்தில் விளைந்தது. முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களின் நடுவில் திருச்சிராப்பள்ளி லாட்ஜில் சேர்ந்தார். இந்திய இளவரசர் ஒருவர் மேசன் ஆனார் என்ற செய்தி லண்டனுக்கு எட்டியதும், தலைமைச் சங்கத்தார் மகிழ்ந்து, தங்க வேலைப்பாடு செய்த ஏப்ரன் ஒன்றும், அழகாகக் கட்டு கட்டிய சட்டநூல் ஒன்றும் அனுப்பி வைத்தார்கள். இளவரசர் பதில் எழுதினார். தம்மிடமுள்ள பட்டங்களில் மிகுந்த மதிப்புக்குரியவற்றுள் ஆங்கில மேசன் என்பதும் ஒன்றெனத் தாம் கருதுவதாக அதில் கண்டிருந்தது. அக்குடும்பத்தில் பட்டங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கையிருப்புத்தான் குறைவு. வாலாஜாவின் கடன் லண்டன் பாராளுமன்றத்திலேயே விவாதிக்கப்பட்ட கடன்.

1795இல் உம்தத்-உல்-உமரா நவாப் ஆனார். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மைசூர் திப்பு சுல்தானின் காகிதக் கட்டுகளைப் பிரித்தவர்கள், ஆற்காட்டு நவாப் குடும்பத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் ஒரு சங்கேதக் குறிப்பையும் கண்டெடுத்தார்கள். அதன்படி வாலாஜாவுக்கு 'மனிதகுலத்தின் நலம்விரும்பி' என்று பெயர், ஆங்கிலேயருக்குப் 'புதிதாய் வந்தோர்' என்று பெயர், ஹைதராபாத் நிஜாமுக்கு 'ஒன்றுமில்லை' என்று பெயர். இரகசியமாகத் தொடர்பு வைத்தது துரோகம் என்று கிழக்கிந்தியக் கும்பெனி முடிவு கட்டியது. அந்த ஆண்டையே கவனிக்க வேண்டும். 1799 ஜூலையில் லண்டன் பாராளுமன்றம், இரகசியப் பிரமாணம் வாங்கும் சங்கங்கள் சட்டவிரோதம் என்று சட்டம் செய்தது. மேசன்களுக்கு மட்டும் விலக்கு. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு லாட்ஜும் உறுப்பினர் பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் அரசு எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டு இரகசியமாக இருக்கலாம் என்பது இதன் சாரம். இதை ஒருவர் சேப்பாக்கம் அரண்மனைக்கு எழுதித் தெரிவித்திருந்தால் நவாபும் ஒரு பட்டியல் அனுப்பியிருப்பார்.

கவர்னர் ஜெனரலாக இருந்து, துரோகம் என்ற முடிவை எடுத்தவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. அவர் 1782இல் அயர்லாந்துத் தலைமைச் சங்கத்தின் கிராண்ட் மாஸ்டராக வீற்றிருந்தவர். அவர் தந்தையும் அப்பதவியில் இருந்தவர்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்ட தம்பி ஆர்தர் 1790இல் மேசன் ஆனவர். எனவே இது மேசன் சகோதரர் ஒருவர், இன்னொரு சகோதரர் பக்கத்து நாட்டில் இருக்க, மூன்றாம் சகோதரரின் நாட்டை எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி. 1801 ஜூலையில் நவாப் சேப்பாக்கத்தில் மரணப் படுக்கையில் கிடந்தபோது அரண்மனை வாசலில் கும்பெனிப் படை வந்து நின்றது. அமைதி காக்க என்று காரணம் சொன்னார்கள். லாட்ஜ் கூடும்போது வெளிவாசலில் உருவிய வாளோடு ஒருவரை நிறுத்துவது மேசன் மரபு என்பதை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஜூலை 15ஆம் நாள் நவாப் இறந்தார். அவர் மகன் கும்பெனி நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட மறுத்தார். உறவினர் அஜீம்-உத்-தௌலா மறுக்கவில்லை. அவருக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் பட்டமும் கிடைத்தன, அன்று கர்நாடகம் எனப்பட்ட நவாபின் நாடு கும்பெனிக்குப் போயிற்று. குற்றச்சாட்டுக்குச் சான்று போதாது என்று பிற்பாடு எழுதியவர் ஜேம்ஸ் மில். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் சான்று போதுமானதாக இருந்தது. 'பரிபூரண ஒருமனம்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு என் வாசிப்பில் அகப்படவில்லை.

1839இல் கடற்கரையில் கோயில் எழுந்தது. மேசன்கள் தம் கட்டடத்தைக் கோயில் என்றே சொல்வார்கள். அடிக்கல் நாட்டும்போது தானியமும் திராட்சை ரசமும் எண்ணெயும் சொரிவது அவர்கள் முறை. உள்ளே கறுப்பும் வெள்ளையுமான கட்டம் போட்ட தரை, இரண்டு தூண், கிழக்கே தலைவரின் ஆசனம். கிழக்கு ஞானத்தின் திசை என்பது மேசன் கொள்கை. இத்தலத்தில் அந்தத் திசையிலிருந்து உப்புக் காற்றும் சேர்ந்து வந்தது. ஏப்ரனில் தைத்த தங்க நூலுக்கு அது நல்லதன்று.

26 ஆண்டுகள் கழிந்தன. சென்னை மாகாணப் போலீஸ் 1859இன் சட்டத்தால் உருவாகி, இருக்க இடமின்றித் தவித்துக்கொண்டிருந்தது. முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன் 1865இல் மேசன் கோயிலை வாடகைக்கு எடுத்தார். மாத வாடகை 90 ரூபாய். ஒன்பது ஆண்டு இப்படி நடந்தது. வாடகை பாக்கி விழுந்தால் போலீஸில் புகார் கொடுக்க முடியாத நிலையில் இருந்த வீட்டுக்காரர்கள் சென்னையில் இவர்கள் மட்டுமே. 1874இல் அரசாங்கம் 20,000 ரூபாய் கொடுத்துக் கட்டடத்தை விலைக்கே வாங்கிக்கொண்டது. அதுவரை கொடுத்த வாடகையைக் கூட்டிப் பார்த்தால் விலையில் பாதிக்குச் சற்றே குறைவாக வரும். ராபின்சன் மறு ஆண்டில் சில மாதங்கள் சென்னைக்குத் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தார். நல்ல வீடு பார்த்துப் பிடித்ததற்காக அன்று.

இடமாற்றத்தால் கட்டடத்துக்குப் பெரிய அதிர்ச்சி இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. முன்பும் வாசலில் ஆயுதத்தோடு ஆள் நின்றார், பின்பும் நின்றார். முன்பும் உள்ளே வருகிறவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்கப்பட்டது. படிநிலை உண்டு, மேல்படியில் நிற்பவருக்குக் கீழ்ப்படியில் நிற்பவர் குறித்த முறையில் வணக்கம் செய்ய வேண்டும். சங்கேதச் சொற்கள் உண்டு. காவல்துறையின் சொற்கள் பிற்காலத்தில் வயர்லெஸ்ஸில் ஓடத் தொடங்கியதால் நடைபாதையில் சுண்டல் வாங்குகிறவர்க்கும் கேட்கும். பிரிச்சர்டின் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இதுவும் முன்னேற்றமே. கண்ணைக் கட்டும் சடங்கு தொடர்ந்ததா என்ற வினாவை இக்கட்டுரை எழுப்பவில்லை.

இந்துக்கள் பற்றிய சிக்கல் ஒன்று மீதி இருக்கிறது. மேசன் ஆக விரும்புகிறவர் பரம்பொருள் ஒன்றை நம்ப வேண்டும். முஸ்லிம்களும் பார்சிகளும் இந்தக் கேள்வியை எளிதில் கடந்தார்கள். இந்து விண்ணப்பித்தபோது, முப்பத்து முக்கோடியை ஒன்று என்று பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று கல்கத்தாவில் கலக்கம் உண்டாயிற்று. பிரசன்ன குமார் தத்தர் என்பவர் 1863இல் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, ஒன்பது ஆண்டு எழுதிக்கொண்டேயிருந்து, 1872இல் உள்ளே போனார். எல்லாம் ஒன்றே, இரண்டாவது இல்லை என்று ஆதிசங்கரர் காலத்திலிருந்தே வாதாடி வந்த ஒரு சமயத்தாரிடம், உங்களால் ஒன்று வரை எண்ண முடியுமா என்று கேட்பதற்கு ஒன்பது ஆண்டு ஆனது அதிகமன்று. கேட்டவர்கள் தரப்பில் திரித்துவம் இருந்தது, அதை யாரும் எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை.

தத்தர் திறந்த கதவு வழியே 1884 பிப்ரவரியில் நுழைந்தவர்களுள் நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞரும் ஒருவர். கல்கத்தா 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜ். பின்னாளில் விவேகானந்தர். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பியவர் சென்னையில் ஒன்பது நாள் தங்கினார். தங்கிய இடம் ஐஸ் ஹவுஸ். அதுவும் அதே கடற்கரைச் சாலை. ஆகவே, ஒரு மேசன் நாட்டை இழந்த அரண்மனை, ஒரு மேசன் தங்கிய பனிக்கட்டிக் கிடங்கு, மேசன்கள் போலீஸுக்கு விற்ற கோயில் மூன்றும் ஒரே சாலையில் மேற்கு ஓரமாக, கடலைப் பார்த்து அமைந்துள்ளன. இதில் ஏதோ உட்பொருள் இருக்கிறது என்று நம்புவோருக்கு ஒன்று சொல்லலாம். கிழக்கு ஓரத்தில் மணல்தான். அங்கே கட்ட முடியாது.

பெண்களுக்கு மேசன் சங்கத்தில் இடமில்லை. அடையாறுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் இதைக் கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கவில்லை. பாரிஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடத்திய மேசன் அமைப்பு ஒன்றில் 1902இல் சேர்ந்து, அதை லண்டனுக்கும், அடையாறுக்கும் கொண்டுவந்து சேர்த்தார். ஆண் மேசன்கள் இந்த மேசன்களை மேசன்களாக ஒப்புக்கொள்ளவில்லை. பிரம்மஞானிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திபெத்திலிருந்து மகாத்மாக்களே கடிதம் எழுதிக்கொண்டிருந்த வீட்டில், லண்டனிலிருந்து அங்கீகாரக் கடிதம் வராதது ஒரு குறையாக உணரப்படவில்லை போலும்.

கடிதம் என்றதும் நினைவுக்கு வருவது: காகிதச் செலவில் மேசன் சங்கத்தை விஞ்சிய இரகசியச் சங்கம் கிடையாது. கூட்டந்தோறும் நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவு, சந்தாக் கணக்கு, லண்டனுக்கு ஆண்டறிக்கை. லாகூரில் 1886இல் ருட்யார்ட் கிப்ளிங்கைச் சேர்த்தபோது அவருக்கு வயது 20. விதிப்படி 21 ஆக வேண்டும். நல்ல செயலாளர் தேவைப்பட்டதால் சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அவரை மூன்றாம் படிக்கு உயர்த்திய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அவரே எழுத வேண்டியதாயிற்று. சடங்குக்கு உள்ளானவரே சடங்கைப் பதிவு செய்தார் என்று இதைச் சுருக்கலாம்.

கடற்கரையை விட்ட மேசன்கள் பிற்பாடு, 1920களில், எழும்பூர்ப் பக்கம், இன்று எத்திராஜ் சாலை எனப்படும் சாலையில் மண்டபம் கட்டிக்கொண்டார்கள். வெளியே பெயர்ப்பலகை உண்டு. நாடு விடுதலை பெற்று 14 ஆண்டு கழித்து, 1961 நவம்பர் 24ஆம் நாள், டெல்லி அசோகா ஹோட்டலில் இந்தியத் தலைமைச் சங்கம் தொடங்கியது. முதல் கிராண்ட் மாஸ்டர் ராம்பூர் நவாப். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்று தலைமைகளின் கீழ்ச் சிதறிக் கிடந்த லாட்ஜுகளை ஒரே தலைமையின் கீழ் கொண்டுவருவதற்கான ஏற்பாடு இது. விருப்பமுள்ளவர் சேரலாம், விருப்பமில்லாதவர் பழைய இடத்திலேயே இருக்கலாம் என்றார்கள். அதன் பயனாக இந்தியாவில் மூன்றாக இருந்த தலைமை நான்காயிற்று. பரிபூரண ஒருமனச் சங்கம் இங்கிலாந்தோடு இருந்துவிட்டது.

கடற்கரைக் கட்டடத்துக்கு 1993இல் கண்டம் வந்தது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று அரசு தீர்மானித்தது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் நீதிமன்றப் படி ஏறினார்கள். போலீஸ் அலுவலகத்தைக் காப்பாற்றப் பொதுமக்கள் வழக்குப் போட்டது தமிழ்நாட்டு வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று. வழக்கு நடந்தது, ஆட்சி மாறியது, தீர்மானமும் மாறியது. கட்டடம் தப்பி, செப்பனிடப்பட்டு, மறுபடி வெள்ளையடிக்கப்பட்டது. இன்று அதைப் பார்க்க விரும்புகிற மேசன், வாசல் காவலரிடம் நின்று, பதிவேட்டில் பெயர், முகவரி, வந்த காரியம் மூன்றையும் எழுத வேண்டும். கைகுலுக்கல் செல்லாது. ஆதார் அட்டை கொண்டு போவது நல்லது.